நாலு வயசுப் பையனுக்கு: கறந்த பாலா, மால்ட் பவுடர் பாலா?

பவுடர் போட்டால்தான் குடிக்கிறான், பெரியவங்க கறந்த பாலைக் காய்ச்சாமல் கொடுக்கச் சொல்றாங்கன்னு கேட்டிருந்தீங்க. சகோதரி, தயவுசெய்து காய்ச்சாமல் கொடுக்காதீங்க. மாடு திடமா இருந்தாலும், விடாத காய்ச்சல் தர்ற புருசெல்லா கிருமியும் காசநோய்க் கிருமியும் பாலில் இருக்கலாம். மடி, கை, கேன் வழியாவும் கிருமி சேரும். பொங்கினதும் தீயைக் குறைச்சு, கிண்டிக்கிட்டே இரண்டு நிமிஷம் கொதிக்க விடுங்க. கால்சியமும் புரதமும் அப்படியே இருக்கும், சில வைட்டமின்கள் மட்டும் கொஞ்சம் குறையும். காய்ச்சும்போதே திரிஞ்சா, பெரும்பாலும் கறந்து நேரமாகிப் புளிப்பேறின பால்தான். பால்காரர்கிட்ட கறக்கிற நேரத்தைக் கேளுங்க.

பவுடர் டப்பாவின் பின்னால் ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ வரியைப் பாருங்க. 100 கிராமுக்கு 30 கிராம்னா, 20 கிராம் பவுடரில் 6 கிராம், ஒரு டீஸ்பூனுக்கும் மேல. அதுக்கு மேல நீங்க போடுற சர்க்கரை வேற! அதை முதல்ல நிறுத்துங்க. பவுடரை ஒரேயடியா நிறுத்தினா டம்ளரைத் தள்ளிடுவான். வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைங்க. வாசனைக்கு ஏலக்காய் போதும்.

ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். பாலிலேயே வயிறு நிறைஞ்சா சாப்பாடு இறங்காது, இரும்புச்சத்து குறையும். நாட்டுச்சர்க்கரை போடுறதா இருந்தா இறக்கி, சூடு தணிஞ்ச பிறகு போடுங்க. கொதிக்கிற பாலில் போட்டா திரிஞ்சிடலாம்.