முனைவர் பட்டம்: பல்கலைக்கழகத்தைத் தேடும் முன் நெறியாளரைத் தேடுங்கள்

கேள்வி: மதுரையில் ஒரு தமிழ் நாளிதழில் எட்டு ஆண்டுகளாக உதவி ஆசிரியராக இருக்கிறேன். இதழியலில் முதுகலைப் பட்டம், 62 சதவீதம். வயது 32, பெண். தாலுகா நிருபர்களின் வேலை, வருமானம் பற்றி ஆய்வு செய்ய ஆசை. பின்னாளில் கல்லூரியில் பாடம் நடத்தவும் விருப்பம் உண்டு. வேலையை விடாமல் பகுதிநேரமாகச் சேரலாமா? வெளிநாடு முயலலாமா? வடமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆண்டுக்கு இருமுறை தலைகாட்டினால் போதும் என்கிறார் நண்பர். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: நண்பர் காட்டும் வழி வேண்டாம். முனைவர் பட்ட விதிகளைப் பின்பற்றவில்லை என்பதற்காக ராஜஸ்தானைச் சேர்ந்த மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் ஐந்து ஆண்டுகளுக்கு ஆய்வு மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தடை விதித்தது. அப்படி ஓர் இடத்தின் பட்டத்தோடு நேர்முகத் தேர்வுக்குப் போய் உட்காருவதை நினைத்துப் பாருங்கள். யுஜிசியின் 2022ஆம் ஆண்டு விதிகள் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன. தொலைநிலையிலோ இணையவழியிலோ முனைவர் பட்டம் தருவதை அனுமதிக்கவில்லை. இரண்டையும் குழப்பித்தான் பலர் ஆள் பிடிக்கிறார்கள்.

பாடம் நடத்துவது மட்டும்தான் நோக்கம் என்றால், முதலில் தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதுங்கள். 2023 ஜூலை 1 முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயமில்லை. நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சி போதும். ஆய்வில் சேரவும் இப்போது அதே நெட் மதிப்பெண் பயன்படுகிறது. நெட் தேர்வின் வழியாகத் தரப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகையான ஜேஆர்எஃப் கிடைத்துவிட்டால் நிலைமையே மாறிவிடும். முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக ஆய்வு செய்யலாம். ஜேஆர்எஃபுக்கு வயது வரம்பு 30 என்று பார்த்துவிட்டுப் பல பெண்கள் விண்ணப்பிக்காமலே விடுகிறார்கள். பெண்களுக்கு ஐந்து ஆண்டுத் தளர்வு உண்டு. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அடுத்ததுதான் முக்கியமானது. எல்லோரும் கேட்பது, 'எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?' என்று. சென்னைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி, ஹைதராபாத் என நீங்கள் பார்க்க வேண்டிய துறைகள் நிறைய. ஆனால் நான்கைந்து ஆண்டுகள் நீங்கள் வாழப்போவது ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரோடு இல்லை, ஒரு நெறியாளரோடு. அவருடைய ஈடுபாடும் உங்கள் கேள்வியும் ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு பெரிய வளாகமும் உதவாது. பாதியில் நின்றுபோன ஆய்வுகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் இப்படி நின்றவைதான்.

ஒருவரின் ஈடுபாட்டை எப்படி அறிவது? ஷோத்கங்கா இணையதளத்துக்குப் போங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் யோசிக்கும் நெறியாளரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளில் மூன்றை இறக்கிப் படியுங்கள். முன்னுரையை விட்டுவிட்டு, ஆய்வு முறை பற்றிய இயலுக்கு நேராகப் போங்கள். மூன்றிலும் 'நானூறு பேரிடம் வினாத்தாள், பிறகு சதவீத அட்டவணை' என்றே இருந்தால், அந்தத் துறையில் உங்கள் ஆய்வும் அந்த அச்சில்தான் வார்க்கப்படும். அளவாய்வு தவறான முறை என்று நான் சொல்லவில்லை. வாசகர் பழக்கத்தை ஆராய அது பொருந்தும். ஆனால் செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி, விளம்பரமும் பிடித்துக் கொடுத்து, பக்கத்தில் ஒரு கடையும் நடத்தும் தாலுகா நிருபரின் வாழ்க்கை வினாத்தாளுக்குள் அடங்காது. அவரோடு பஸ் ஸ்டாண்டிலும் காவல் நிலைய வாசலிலும் நாள்கணக்கில் நின்றாக வேண்டும். களப்பணியை மதிக்கிற நெறியாளர் உங்களுக்குத் தேவை. இதழியல் துறையில் அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், சமூகவியலிலிருந்து ஓர் இணை நெறியாளரைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் அதைக் குறிப்பிடவில்லை. அந்த நிருபர்களுக்கு நீங்கள் 'டெஸ்க்'. அவர்கள் அனுப்பும் செய்தியை வெட்டுவதும் போடுவதும் உங்கள் கை. உங்கள் பத்திரிகையில் எழுதுபவர் தன் வருமானத்தைப் பற்றி உங்களிடம் மனம்விட்டுப் பேசுவாரா? பேசினால் அது நிர்வாகத்தின் காதுக்குப் போகாது என்று எப்படி நம்புவார்? பகுதிநேரமாகச் சேர நிறுவனத்திடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அந்த நிறுவனத்தின் கூலிமுறையையே ஆராய்கிறேன் என்று சொல்லி அதை வாங்குவதும் எளிதில்லை. வேறு மாவட்டத்தில், வேறு நாளிதழ்களின் நிருபர்களை எடுத்துக்கொள்வது ஒரு வழி. முழுநேர ஆய்வாளராக மாறுவது இன்னொரு வழி. ஜேஆர்எஃப் முயலுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குப் பணம் மட்டும் காரணமில்லை.

நெறியாளரிடம் நேராகக் கேட்க வேண்டியவை சில உண்டு. ஓய்வுபெற மூன்று ஆண்டுகளுக்குக் குறைவாக இருப்பவர் புதிய மாணவரை எடுக்க முடியாது. பேராசிரியர் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும்தான் ஒரே நேரத்தில் வழிநடத்தலாம். ஆகவே இடம் காலியா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். குறைந்தபட்சக் காலம் மூன்று ஆண்டுகள்; அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு ஆண்டுகளும், பெண்களுக்கு அதற்கு மேல் இரண்டு ஆண்டுகளும் கிடைக்கும். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு. விதியில் இருப்பதை யாரும் சலுகையாகத் தர வேண்டியதில்லை. கேட்டு வாங்குங்கள்.

வெளிநாடு என்றால் ஒரே நிபந்தனை: முழு நிதியுதவி இல்லாமல் போகாதீர்கள். அமெரிக்காவின் நல்ல துறைகள் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, பாடம் நடத்த உதவுவதற்கு உதவித்தொகையும் தருகின்றன. இதழியலுக்கென்றே நெடுங்கால ஆய்வு மரபு உள்ள இடம் வேண்டுமென்றால், 1908இல் இதழியல் பள்ளி தொடங்கிய மிசௌரி பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். உங்கள் களம் இங்கே இருப்பதால், களப்பணிக்கு ஊர் திரும்பப் பயணச் செலவு தருவார்களா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இப்போதைக்கு உங்கள் கேள்வியை இரண்டே பக்கத்தில் எழுதுங்கள். ஷோத்கங்காவில் பார்த்துத் தேர்ந்தெடுத்த இரண்டு நெறியாளர்களுக்கு அதை அனுப்பி, நேரம் கேட்டு நேரில் போங்கள். போகும்போது, அவரிடம் இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவர் ஒருவரோடு தனியாக ஒரு டீ குடியுங்கள். திருத்தம் கேட்டுக் கொடுத்த இயல் எத்தனை வாரத்தில் திரும்பி வருகிறது என்று அந்த மாணவரிடம் கேளுங்கள்.