நான்கு நாள் ரோம்: அத்தையின் முழங்காலை வைத்துத் திட்டம் போடுங்கள்

கேள்வி: நாங்கள் கோவையில் இருக்கிறோம். அடுத்த மே மாதம், பள்ளி விடுமுறையில், நான், கணவர், ஒன்பது வயதுப் பையன், 67 வயது அத்தை (மாமியார்) என நால்வரும் ரோமுக்குப் போக ஆசைப்படுகிறோம். நான்கு முழு நாள் கிடைக்கும். அதிலேயே ஒரு நாள் பாம்பேய், ஒரு நாள் ஃப்ளாரன்ஸ் பார்த்துவிடலாமா? எல்லோரும் சைவம். அத்தைக்கு முழங்கால் வலி. மெதுவாக நடப்பார், படி ஏறுவது கஷ்டம். எதை முதலில் பதிவு செய்வது, எங்கே தங்குவது, சாப்பாட்டுக்கு என்ன வழி?

பதில்: பாம்பேயும் ஃப்ளாரன்ஸும் இந்த முறை வேண்டாம். ஃப்ளாரன்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான், உண்மை. ஆனால் ஹோட்டலிலிருந்து ஸ்டேஷன், அங்கே இறங்கி ஊருக்குள் நடை, சாயங்காலம் மறுபடி அதே ஓட்டம் என்று கணக்குப் போட்டால், அத்தைக்கு அந்த நாளோடு மறுநாளும் போய்விடும். பாம்பேய் இன்னும் சிரமம். நேப்பிள்ஸ் வரை ஒரு ரயில், அங்கே மாறி இன்னொரு ரயில், போய் இறங்கினால் நிழலில்லாத கல் பாவிய தெருக்கள். நான்கு நாளையும் ரோமுக்கே கொடுங்கள். அதிலும் நேரம் குறித்த டிக்கெட் நாளொன்றுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், ரோம் காலைப் பதம் பார்க்கிற ஊர். பழைய நகரத் தெருக்களில் பதித்திருப்பது சம்பியெத்ரீனி என்கிற கையளவு கருங்கல் கட்டிகள். ஒவ்வொன்றின் தலையும் லேசாக உருண்டிருக்கும், இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடுக்கு இருக்கும். கைத்தடியின் முனை அதில் சிக்கும். மழை பெய்தால் வழுக்கும். சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடப்பவர் இங்கே அரை கிலோமீட்டரில் உட்கார இடம் தேடுவார். அத்தைக்குப் புதுச் செருப்பு வாங்கிப் பெட்டியில் வைக்காதீர்கள். தடித்த அடிப்பாகம் உள்ள ஷூவை இப்போதே வாங்கி, இரண்டு மாதம் வீட்டைச் சுற்றி நடந்து பழகச் சொல்லுங்கள்.

முதல் வேலை விசா. ஷெங்கன் விசாவுக்கு (இத்தாலி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் முடியாது. கோடைக்காலத்தில் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு என்பதால் மார்ச் வரை காத்திருக்காதீர்கள். முடிவுக்குப் பொதுவாக 15 நாள். கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை இழுக்கும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். 12 வயதுக்குக் கீழே கைரேகை கிடையாது, பையனுக்கு அந்த வேலை மிச்சம். வாடிகன் தனி நாடுதான், ஆனாலும் அதற்குத் தனி விசா தேவையில்லை, எல்லையில் சோதனைச் சாவடியும் இல்லை. விமானத்தில் டிக்கெட் போடும்போதே அத்தைக்குச் சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள். அதற்குக் காசில்லை. வழியில் விமானம் மாறும் ஊரிலும் அது பெரிய உதவி.

அடுத்தது தங்குமிடம். குடும்பமாகப் போகிறவர்கள் எல்லோரும் டிராஸ்தேவெரே என்ற பேட்டையைத்தான் கேட்கிறார்கள். படத்தில் அழகு, நிஜத்திலும் அழகு, ஆனால் முழுக்கக் கருங்கல் தரை, இரவு வெகுநேரம் வரை சத்தம். உங்களுக்கு நான் சொல்வது பிராத்தி. வாடிகனுக்குப் பக்கத்தில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட பகுதி. தெருக்கள் அகலம், சமதரை, நடைபாதை ஒழுங்கு. மெட்ரோவின் ஏ வழித்தடத்தில் ஒத்தவியானோ, லெபான்தோ என்ற இரண்டு நிலையங்கள் உண்டு. பதிவு செய்யும் முன் லிஃப்ட் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை நான் அழைத்துப்போன குழுவுக்கு 'லிஃப்ட் உண்டு' என்று உறுதி சொன்ன விடுதியில் லிஃப்ட் இருக்கத்தான் செய்தது, ஆனால் வாசலிலிருந்து அதை எட்டவே 14 படி ஏற வேண்டியிருந்தது. ஆகவே கேள்வி இப்படி இருக்கட்டும்: தெருவிலிருந்து அறைவரை எத்தனை படி? அறை வாடகைக்கு மேல் நகர வரி என்று ஆளுக்கு, இரவுக்கு இத்தனை யூரோ என்று தனியாக வாங்குவார்கள். அது ஏமாற்று வேலை இல்லை.

ஃபியூமிசினோ விமான நிலையத்திலிருந்து டெர்மினி ஸ்டேஷனுக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிடம், ஆளுக்கு 14 யூரோ. மூன்று பெரியவர்களுக்கே 42 ஆகிவிட்டது. டெர்மினியில் இறங்கிப் பெட்டிகளோடு இன்னொரு வண்டி வேறு பிடிக்க வேண்டும். அதிகாரப்பூர்வ வெள்ளை டாக்சிக்குப் பழைய மதில் எல்லைக்குள் நகராட்சி நிர்ணயித்த ஒரே கட்டணம் 55 யூரோ, ஆட்களும் பெட்டியும் சேர்த்து. பிராத்தியின் பெரும்பகுதி மதிலுக்கு வெளியே என்பதால் ஏறும் முன் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூடினாலும் உங்கள் குடும்பத்துக்கு டாக்சிதான் சரி. முனையத்துக்குள்ளேயே வந்து 'டாக்சி, டாக்சி' என்று காதில் ஓதுகிறவர்களைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வரிசைக்குப் போங்கள்.

இப்போது டிக்கெட்டுகள். கொலோசியத்துக்கு அதன் அதிகாரப்பூர்வத் தளத்தில் 30 நாள் முன்பு விற்பனை திறக்கும், பெரியவர்களுக்கு 18 யூரோ. அதே டிக்கெட்டில் பக்கத்திலுள்ள ரோமன் ஃபோரமும் (பழைய நகர மையத்தின் இடிபாடுகள்) பாலடைன் குன்றும் அடங்கும். 18 வயதுக்குக் கீழே இலவசம், ஆனாலும் பையன் பெயரிலும் பூஜ்ய யூரோ டிக்கெட் ஒன்று எடுத்தாக வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே போடுங்கள், இனிஷியலை விரித்து எழுதுவதில் நம்மவர்கள் செய்யும் குழப்பம் வாசலில் நேரத்தைத் தின்னும். காலை முதல் வேளையை எடுங்கள். மேல்தளத்துக்கு லிஃப்ட் உண்டு. நிற்கும் ஊழியரிடம் அத்தையைக் காட்டிக் கேட்டால் போதும்.

ஃபோரத்துக்குள் அத்தையை அழைத்துப் போகாதீர்கள். அங்கே பாவியிருக்கும் பழைய ரோமானியக் கற்கள் தலையணை அளவில், ஒன்றுக்கொன்று ஏறுக்குமாறாகக் கிடக்கும். அதற்குப் பதிலாக கம்பிதோலியோ சதுக்கத்தின் பின்பக்கம் டாக்சியில் போய் இறங்கினால், முழு ஃபோரமும் காலடியில் விரியும், காசும் இல்லை. கணவரும் பையனும் உள்ளே போய் வரட்டும். அவர்களிடம் ஒன்று சொல்லி அனுப்புங்கள். மூன்று பெரிய வளைவுகளோடு நிற்கும் மாக்ஸென்டியஸ் பசிலிக்காவின் அடியில் பேரரசர் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்கு புதைந்திருக்கிறது. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாகச் சங்கப் பாட்டு சொல்லும் யவனர் கப்பலின் சரக்கு இறங்கிய கடைசி இடங்களில் ஒன்று அது. அந்தப் பொன்னும் வெள்ளியும் உங்கள் ஊர் வெள்ளலூரிலும், கரூரிலும் ரோமானிய நாணயங்களாகக் கிடைத்திருக்கின்றன. கோவைக்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான இடம் ரோமில் இல்லை என்பேன்.

வாடிகனில் பலர் குழம்பும் ஒரு விஷயம்: புனித பேதுரு பேராலயமும் அருங்காட்சியகமும் வேறு வேறு. பேராலயத்துக்கு வாசல் சதுக்கத்தில், இலவசம். அருங்காட்சியகத்துக்கு வாசல் மதிலைச் சுற்றிக்கொண்டு கால் மணி நேர நடைக்கு அப்பால், டிக்கெட் 20 யூரோ, இணையத்தில் பதிவு செய்தால் மேலே 5. வாரக் கணக்கில் முன்பே பதிவு செய்யுங்கள். சிஸ்டின் சேப்பல் இந்த அருங்காட்சியகத்தின் கோடியில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டிவரும். சக்கர நாற்காலியை அங்கேயே அடையாள அட்டை காட்டி இலவசமாக வாங்கலாம். 'நான் நடக்கிறேனே' என்று அத்தை சொல்வார். கேட்காதீர்கள். மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தலையை அண்ணாந்தே வரைந்த கூரையை உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பதுதான் சுகம்.

ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், கூட்டம் தாங்காது. மே 1 அன்றும் மூடல். புதன் காலையில் சதுக்கத்தில் போப்பாண்டவரைப் பார்க்கக் கூடும் கூட்டத்தால் பேராலயத்துக்குள் போக முடியாது. உடை விஷயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புடவைக்குப் பிரச்சினை இல்லை. கையில்லாத குர்தா என்றால் துப்பட்டா எடுத்துக்கொள்ளுங்கள், பையனுக்கு அரைக்கால்சட்டை வேண்டாம். பேராலயத்தின் குவிமாடத்துக்கு 551 படி. லிஃப்டில் போனாலும் 320 படி மிச்சமிருக்கும், அதுவும் சாய்ந்த சுவருக்கு இடையில் ஒடுங்கிப் போகிற பாதை. அப்பாவும் பையனும் மட்டும் போகலாம்.

மூன்றாவது பதிவு போர்கேசே காட்சிக்கூடம். இதை யாரும் எனக்குக் கேட்டு எழுதுவதில்லை, நானாகவே எல்லோருக்கும் சொல்வேன். இரண்டு மணி நேரம் முடிந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள், அதனால் உள்ளே நெரிசல் இல்லை, திங்கள் விடுமுறை. அங்கே பெர்னினியின் சிற்பம் ஒன்று: துரத்தும் கிரேக்கக் கடவுள் அப்பல்லோவிடமிருந்து தப்ப டாஃப்னே என்ற பெண் மரமாக மாறும் கணம். பின்னாலிருந்து மெல்லச் சுற்றி வாருங்கள். முதலில் ஓடும் ஆளின் முதுகு, அப்புறம் அவள் தொடையில் ஏறும் மரப்பட்டை, கடைசியில் விரல் நுனிகளிலிருந்து கிளம்பும் இலைகள். வெளிச்சம் பட்டால் அந்த இலைகளின் ஓரம் ஊடுருவித் தெரியும் அளவுக்கு மெல்லிதாகச் செதுக்கியிருக்கிறார், இத்தனைக்கும் அது சலவைக்கல். பார்த்து முடித்தால் வெளியே பெரிய பூங்கா. மிதிவண்டி ரிக்‌ஷா வாடகைக்கு எடுத்து அத்தையை உட்காரவைத்து ஒரு சுற்று வரலாம்.

பாந்தியோன் என்ற பழைய ரோமானியக் கோயில், நவோனா சதுக்கம், த்ரேவி நீரூற்று மூன்றும் ஒரே நடைக்குள் வரும். வந்து இறங்கும் நாள் மாலைக்கு இதுவே போதும். பாந்தியோனுக்கு 2023 முதல் கட்டணம் உண்டு. 43 மீட்டர் அகலக் கான்கிரீட் குவிமாடம், கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி கிடையாது, உச்சியில் திறந்த வட்டம். மழை பெய்தால் உள்ளே கொட்டும், தரையில் உள்ள துளைகள் வழியே வடிந்துவிடும். ஆகவே மழை வந்தால் அறைக்கு ஓடாதீர்கள், இங்கே வாருங்கள். ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்து இளைப்பாறலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 2019 முதல் அங்கே உட்கார்ந்தால் அபராதம்.

சாப்பாடு நீங்கள் பயப்படும் அளவுக்குச் சிக்கல் இல்லை. மார்கெரீத்தா பீட்சா எங்கும் கிடைக்கும். துண்டாக வெட்டி எடைக்கு விற்கும் பீட்சாக் கடைகளில், வேண்டிய அளவைக் கையால் காட்டினால் கத்தரிக்கோலால் நறுக்கித் தருவார்கள். உருளைக்கிழங்கு பீட்சா கேளுங்கள், பையனுக்குப் பிடிக்கும். பாஸ்தாவில் உங்களுக்கானது காச்சோ ஏ பேப்பே: பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும். கார்போனாரா, அமாத்ரிச்சியானா, கிரீச்சா மூன்றிலும் பன்றிக் கன்னக் கொழுப்பு இருக்கும். சுப்ளி என்ற சோற்று உருண்டையைப் பார்த்துப் போண்டா என்று வாங்கிவிடாதீர்கள், பெரும்பாலும் இறைச்சிக் குழம்பில் பிசைந்தது. 'சென்ஸா கார்னே' என்றால் இறைச்சி இல்லாமல். 'சென்ஸா பெஷே' என்றால் மீன் இல்லாமல். சைவத்தில் கண்டிப்பானவர் என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: காச்சோ ஏ பேப்பேயில் சேர்க்கும் பெக்கோரினோ ரொமானோ பாலாடைக்கட்டியை ஆட்டுக்குட்டியின் இரைப்பைச் சாற்றை விட்டுத்தான் உறையவைக்கிறார்கள். அத்தைக்கு அது ஒப்பாது என்றால் மரினாரா பீட்சா. தக்காளி, பூண்டு, எண்ணெய், பாலாடைக்கட்டியே கிடையாது. நம் ருசி தேடினால் டெர்மினிக்கு அருகே விட்டோரியோ சதுக்கத்துப் பக்கம் தெற்காசியக் கடைகள் வரிசையாக உண்டு, அங்கே எஸ்குவிலினோ சந்தையில் கொத்தமல்லித் தழையும் பச்சை மிளகாயும் வெண்டைக்காயும்கூடக் கிடைக்கும். உணவகங்களில் இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன் தொடங்காது, ஆறு மணிக்கே பசிக்கும் அத்தைக்குப் பையில் ஏதாவது இருக்கட்டும்.

தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். தெருவுக்குத் தெரு நசோனே என்ற இரும்புக் குழாய்த் தூண்கள், நகரம் முழுக்கச் சுமார் 2,500. நல்ல குடிநீர், இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். மூக்கு மாதிரி வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்ன ஓட்டை வழியே நீர் வளைந்து பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். பையனுக்குக் கற்றுக்கொடுத்தால் ஒவ்வொரு குழாயிலும் நின்றுவிடுவான், அதையும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பஸ், மெட்ரோ டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும், அதற்குள் மெட்ரோவில் ஒருமுறைதான். வங்கிக் கார்டை வாசலில் தட்டியும் போகலாம். டெர்மினியிலும், அங்கிருந்து வாடிகன் பக்கம் போகும் 64ஆம் எண் பஸ்ஸிலும் பிக்பாக்கெட் அதிகம். பாஸ்போர்ட் எல்லாம் உள்பையில் இருக்கட்டும். திரும்பும் நாள் வெள்ளிக்கிழமையாக வந்தால் ஒன்றைச் செய்யுங்கள். அங்கே ரயில், பஸ் வேலைநிறுத்தம் அடிக்கடி வெள்ளியன்றுதான் வரும், முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். நகரப் பஸ்ஸும் மெட்ரோவும் அந்த நாளிலும் காலை எட்டரை வரையும், மாலை ஐந்து முதல் எட்டு வரையும் ஓடும். உங்கள் விமானம் இடைப்பட்ட நேரத்தில் என்றால் முந்தின இரவே ஹோட்டலில் சொல்லி டாக்சிக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள், அன்று ஊரே டாக்சி தேடும்.