பழைய ஸ்விஃப்ட்டில் கம்பெனி ஃபிட்டிங் மாதிரியே ஃபாக் லைட் போட முடியுமா?

கேள்வியில் இருக்கும் வண்டி 2009 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ. ஃபாக் லைட், அதாவது பனி விளக்கு, இருக்க வேண்டிய இடத்தில் பம்பரில் கறுப்பு மூடிதான் இருக்கிறது. வேலூரிலிருந்து விடியற்காலையில் ஏலகிரிக்கும் ஜமுனாமரத்தூருக்கும் போய் வருகிற வண்டி. கம்பி கட்டித் தொங்கவிடும் லைட் வேண்டாம், டாப் மாடலில் வருகிற மாதிரியே வேண்டும், டேஷ்போர்டில் ஓட்டை போடக் கூடாது என்கிறீர்கள்.

தாராளமாகப் போடலாம். அந்தத் தலைமுறை ஸ்விஃப்ட்டில் டாப் மாடலான இசட்எக்ஸ்ஐக்குக் கம்பெனியிலேயே ஃபாக் லைட் வந்தது. ஆகையால் லைட், அதைச் சுற்றி வரும் மூடி, ஸ்டியரிங் பக்கத்து லிவர் சுவிட்ச் மூன்றும் இதே வண்டிக்கு என்று செய்யப்பட்டவைதான். வெளியிலிருந்து பார்க்க இசட்எக்ஸ்ஐ மாதிரி ஆக்குவது ஒரு மதியப் பொழுது வேலை. உள்ளே கரண்ட் போகிற விதமும் அதே மாதிரி இருக்க வேண்டுமென்றால் கொஞ்சம் உட்கார்ந்து செய்ய வேண்டும். பெரும்பாலான கடைகளில் கோட்டை விடுவது அங்கேதான்.

கம்பெனி ஒயரிங்கில் ஃபாக் லைட் தன்னிச்சையாக எரியாது. பார்க்கிங் லைட் போட்டிருந்தால்தான் எரியும். பார்க்கிங்கை அணைத்தால் தானாக அணையும். ஹெட்லைட் டிம்மா பிரைட்டா என்பதோடு அதற்குச் சம்பந்தமில்லை. இந்தியாவின் லைட் பொருத்தும் விதியான ஏஐஎஸ்-008 சொல்வதும் இதையேதான். அதே விதியில் இடமும் உண்டு: காருக்குத் தரையிலிருந்து 250 மி.மீ.க்குக் கீழேயோ 800 மி.மீ.க்கு மேலேயோ இருக்கக் கூடாது. வண்டியின் வெளி விளிம்பிலிருந்து 400 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். நிறம் வெள்ளை அல்லது மஞ்சள். கம்பெனிப் பள்ளத்திலேயே வைத்தால் டேப் எடுத்து அளக்க வேண்டிய தேவையே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து விலகி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. டாப் மாடலின் அதே லைட்டை அதே இடத்தில் வைப்பதற்கு அந்த வகையிலும் ஒரு நியாயம் இருக்கிறது. முன்னால் கம்பி பம்பர் வைத்து அதில் லைட் கட்டுவது வேறு கதை. அந்தக் கம்பி பம்பருக்கே 2017 டிசம்பரில் மத்திய அரசு தடை போட்டுவிட்டது.

சாமான் வாங்கும் முன் ஒரு சோதனை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, முன் சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் மட்கார்டு லைனிங்கின் கிளிப்புகளைக் கழற்றி மடக்குங்கள். கையை உள்ளே விட்டு, கறுப்பு மூடிக்குப் பின்னால் ஒயரிங்கில் டேப் சுற்றிய, ஒன்றிலும் மாட்டாத கப்ளர் (ஒயர் முனையில் இருக்கும் பிளக்) ஏதாவது தொங்குகிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் பாதி வேலை மிச்சம். இல்லையென்றால் தனி ஒயரிங் இழுக்க வேண்டும். 15 வருட வண்டியில் அந்தக் கிளிப்புகள் வறட்டிபோல் உடையும், பத்துக் கிளிப் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பல்பைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எச்8 என்பது 35 வாட், எச்11 என்பது 55 வாட், எச்16 என்பது 19 வாட். மூன்றும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அடிப்பாகத்தில் உள்ள சின்னக் காதுகள்தான் வித்தியாசம். அதைக் கத்தியால் சீவிவிட்டு 35 வாட் லைட்டுக்குள் 55 வாட்டைத் திணிக்கிறவர்கள் உண்டு. ஆறே மாதத்தில் ரிஃப்ளெக்டர் பழுப்பேறும், பிளாஸ்டிக் லென்ஸ் உருகிக் குழியும். லைட்டின் முதுகிலேயே என்ன பல்பு என்று அச்சிட்டிருக்கும். அதைத்தான் போட வேண்டும்.

கணக்கை 55 வாட்டுக்கே போடுவோம். இரண்டு பல்புக்கு 110 வாட், 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர். வாங்க வேண்டியவை: 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், தண்ணீர் புகாத ஃபியூஸ் ஹோல்டர், 30 அல்லது 40 ஆம்பியர் நான்கு பின் ரிலே (சின்னக் கரண்டில் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) சாக்கெட்டோடு, மெயின் லைனுக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர் 3 மீட்டர், ஒவ்வொரு லைட்டுக்கும் 1.5 சதுர மி.மீ., சுவிட்ச் லைனுக்கு 0.75. ஆட்டோ ஒயர் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு ஒயரிங்கில் மிச்சமான சுருளை எடுத்து இழுக்க வேண்டாம். என்ஜின் சூட்டிலும் ஆயிலிலும் அதன் உறை விறைத்து வெடிக்கும்.

ஒயர் தடிமனில் கஞ்சத்தனம் பார்த்தால் வெளிச்சத்தில் காட்டிவிடும். 0.75 ஒயரை மெயின் லைனாகப் போட்டால் 3 மீட்டரிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடும், 2.5 போட்டால் 0.2 வோல்ட்டோடு போகும். ஹாலஜன் பல்பில் ஒரு வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். "புது லைட் போட்டும் மங்கலா இருக்கு" என்று வருகிற வண்டிகளில் பெரும்பாலும் கோளாறு பல்பில் இருக்காது, இந்த ஒயரிலோ எர்த்திலோ (பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) இருக்கும்.

இப்போது ஒயரிங். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட பின்னுக்கு. ரிலேயின் 87ஆம் எண் பின்னிலிருந்து இரண்டாகப் பிரிந்து இரண்டு லைட்டுக்கு. ஃபியூஸை ரிலே பக்கத்தில் வைத்தால் என்ன என்று கேட்பார்கள். நடுவில் ஒயர் உரசி பாடியைத் தொட்டால் ஃபியூஸ் காப்பாற்றாது, பேட்டரியின் முழுக் கரண்டும் அந்த ஒயரில் பாயும். அப்புறம் புகைதான்.

டேஷ்போர்டைப் பிரித்து மேயாமல் பார்க்கிங் இணைப்பைக் கொண்டுவர ஒரு சுருக்கு வழி உண்டு. ரிலேயின் 86ஐ, பேட்டரி பக்கத்து ஹெட்லைட்டில் இருக்கும் பார்க்கிங் பல்பின் பாசிட்டிவ் ஒயரில் சேர்த்துவிடுங்கள். ரிலேயை இழுக்கும் காயில் (86க்கும் 85க்கும் நடுவில் இருக்கும் சுருள்) எடுப்பது 0.15 ஆம்பியர் அளவுதான், அந்த ஒயருக்கு அது சுமையே இல்லை. 85ஐ நேராக எர்த் செய்யாமல், ஒரே ஒரு மெல்லிய ஒயரில் உள்ளே சுவிட்ச்சுக்குக் கொண்டுபோய், சுவிட்ச்சின் மறுமுனையை எர்த் செய்யுங்கள். பார்க்கிங் எரிந்து, சுவிட்ச்சும் போட்டால்தான் ரிலே இழுக்கும். கேபினுக்குள் போவது ஒற்றை ஒயர், அது உரசினாலும் லைட் எரியுமே தவிர நெருப்புப் பிடிக்காது. டையோடு (கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடும் பாகம்) உள்ள ரிலே என்றால் 86 பாசிட்டிவ், 85 நெகட்டிவ் என்ற வரிசை மாறக் கூடாது. மாறினால் பார்க்கிங் ஃபியூஸ் போகும்.

அந்த ஒற்றை ஒயரை உள்ளே விட, என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுச்சுவரில் மெயின் ஒயரிங் நுழையும் ரப்பர் புஷ்ஷைத் தேடுங்கள். சைக்கிள் ஸ்போக் ஒன்றை எடுத்து, ஒயர் முனையை அதில் டேப்பால் இறுக்கிச் சுற்றி, சோப்பு தடவி, புஷ்ஷின் ஓரமாக, மெயின் ஒயர்களைக் குத்தாமல் மெல்லச் செலுத்தினால் வழுக்கிக்கொண்டு போய்விடும். புஷ்ஷுக்கு வெளியே ஒயரைக் கொஞ்சம் கீழே தொய்ய விடுங்கள். மழைத் தண்ணீர் அந்தத் தொய்வில் சொட்டிவிடும், ஒயரைப் பிடித்துக்கொண்டு உங்கள் காலடி மேட் வரை வராது.

சுவிட்ச்சுக்கு இரண்டு வழி. ஃபாக் லைட் வளையம் உள்ள லிவர் சுவிட்ச்சாக மாற்றுவதுதான் அசல் கம்பெனி முறை. ஏர்பேக் உள்ள வண்டியானால் பேட்டரி கழற்றிப் பத்து நிமிடம் பொறுத்துத்தான் ஸ்டியரிங் பக்கம் கை வைக்க வேண்டும். ஸ்டியரிங் கழன்றிருக்கும்போது உள்ளே இருக்கும் சுருள் கேபிளைச் சுற்றிவிட்டால் ஹார்னும் ஏர்பேக்கும் சேர்ந்து போகும். பழக்கமில்லாதவர் இதை எலெக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது. வாங்கிய லிவரில் எந்த இரண்டு பின் ஃபாக்குக்கு என்பதை மல்டிமீட்டரில் கன்டினியூட்டி (இரண்டு முனைக்கு நடுவே இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) வைத்து, வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள், கலரை நம்ப வேண்டாம். இரண்டாவது வழி, டிரைவர் முழங்கால் பக்கம் டேஷ்போர்டில் இருக்கும் வெற்று மூடியை எடுத்துவிட்டு, அதே அளவுக் கம்பெனி அழுத்து சுவிட்ச் வைப்பது. ஓட்டை போட வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் இதுவே போதும்.

இணைப்புகளில் நீலக் கடி கிளிப்பைத் தவிருங்கள். ஒயரைக் கடித்துக்கொண்டு இருக்கும் அந்த உலோகத் தகடு, ஈரத்தில் பச்சை பிடித்து இரண்டு மழைக்காலத்தில் கழன்றுவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுவதே நிலைக்கும். சாதாரணக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நம்பி விடாதீர்கள். வேலூர் மே மாத வெயில் 40ஐத் தாண்டுகிறது, பானட்டுக்குள் கேட்கவே வேண்டாம். பசை இளகி டேப் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஒயரைச் சுருள் பைப்புக்குள் விட்டு, இருக்கிற ஒயரிங்கோடு சேர்த்துக் கட்டுங்கள், ரேடியேட்டர் ஃபேனுக்கும் சைலன்சர் குழாய்க்கும் எட்ட இருக்கட்டும். ரிலேயைப் பின்கள் கீழே பார்த்தபடி மாட்டுங்கள். மேலே பார்த்தால் சாக்கெட் கிண்ணமாகித் தண்ணீர் தேங்கும். எர்த்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் தகட்டில் லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து போல்ட் முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். ஒரு லைட் பளிச்சென்றும் இன்னொன்று சோகையாகவும் எரிந்தால், சோகையான பக்கத்து எர்த்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

லைட் மாட்டுவது சுலபம். மூடியை உள்ளிருந்து தள்ளினால் கழன்று வரும், லைட்டைத் திருகி, சுற்று மூடியை அழுத்தினால் முடிந்தது. கம்பெனி லைட்டின் பின்னால் காற்றுப் போக ஒரு சின்ன ரப்பர் மூக்கு இருக்கும். தண்ணீர் புகாமலிருக்கட்டும் என்று அதையும் சிலிக்கான் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அப்புறம் லென்ஸுக்குள் வியர்வை கோத்து நிற்கும். அதைத் தொடாதீர்கள். பல்புக் கண்ணாடியிலும் விரல் படக் கூடாது, பட்டால் ஸ்பிரிட் வைத்துத் துடையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் பல்பு எரியும்போது மல்டிமீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறு கம்பியை லைட் கப்ளரின் பாசிட்டிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். நெகட்டிவ் பக்கமும் இதே சோதனை.

அடுத்தது குறி வைப்பது. பலர் இதைச் செய்வதே இல்லை. சமதளத்தில், டயரில் சரியான காற்றோடு, டிரைவர் இடத்தில் ஓர் ஆளை உட்கார வைத்து, ஒரு வெள்ளைச் சுவருக்கு 7.5 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்துங்கள். முகூர்த்தமில்லாத நாளில் கல்யாண மண்டபக் காம்பவுண்டு சுவர் தோதாக இருக்கும். லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதைவிட 10 செ.மீ. கீழே சுவரில் சாக்பீஸ் கோடு போட்டு, வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டில் உட்காரும்வரை பின்னால் உள்ள ஸ்க்ரூவைத் திருப்புங்கள். அந்த விளிம்பு கத்தியால் வெட்டின மாதிரி இருக்க வேண்டும். எச்ஐடி என்கிற செனான் பல்போ மலிவு எல்இடி பல்போ போட்டால் விளிம்பு கலைந்து வெளிச்சம் மேலே சிதறும், பனியில் அதுவே உங்கள் கண்ணைக் கூசும், எதிரே வருகிறவரைச் சொல்லவே வேண்டாம்.

மஞ்சளா வெள்ளையா என்ற சண்டைக்கு ஒரு வரி: பனித்துளி, ஒளி அலையைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் எந்த நிறமும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் சிதறும். மஞ்சள் கண்ணுக்கு இதம் என்பது உண்மை, பனியைத் துளைக்கும் என்பது உண்மையல்ல. வேலை செய்வது அகலமான, தட்டையான, தாழ்வான அந்தக் கதிர்தான்.

ஆகவே எதிர்பார்ப்பையும் அந்த அளவுக்கே வையுங்கள். மார்கழி, தையில் பள்ளிகொண்டாவிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிய நெடுஞ்சாலையில் பனி இறங்கும் நேரத்தில் இது தூரத்தைக் காட்டாது. ஓரக் கோட்டையும் மண் விளிம்பையும்தான் காட்டும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பனியே இல்லாவிட்டாலும் பயன்படும். ஹெட்லைட் நேரே பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வளைவின் உள்பக்கத்தை இது காட்டும். பத்தலப்பல்லி மலைப்பாதையிலும் அப்படியே. தெளிவான இரவில் 60க்கு மேல் போகிறீர்களென்றால் அணைத்துவிடுங்கள். காலடியில் வெளிச்சம் கூடினால் கண் அதற்குப் பழகித் தொலைவை இழந்துவிடும். பனியில் ஹெட்லைட் எப்போதும் டிம்மிலேயே இருக்கட்டும்.

வண்டியை நிறுத்தும்போது பார்க்கிங்கை அணைக்க மறந்தால் இதுவும் சேர்ந்து எரியும். 35 ஆம்பியர்-மணி பேட்டரியை மூன்று, நான்கு மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். மலைமேல் தள்ள ஆள் தேடாமலிருக்க, கதவைத் திறந்தால் கத்தும் லைட் பஸ்ஸர் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.