இரண்டாவது பென்ஷனுக்கு இரண்டே ஆண்டுகள்: டி.எஸ்.சி. வேலையை விடலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை என் ஊர். வயது 50. ராணுவத்தில் 17 ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றபின் டி.எஸ்.சி.யில் (படைத்தளங்களைக் காவல் காக்கும் டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர்) சேர்ந்து, கோவைப் பக்கம் ஒரு படைத்தளத்தில் 13 ஆண்டுகளாகக் காவல் பணியில் இருக்கிறேன். முதல் பென்ஷன் தனியாக வருகிறது. அடிப்படைச் சம்பளம் ரூ.31,900, சேமநிதியில் ரூ.12 லட்சம் இருக்கிறது. டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு, மைத்துனரோடு சேர்ந்து கஞ்சிக்கோட்டில் செக்யூரிட்டி ஏஜென்சி தொடங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். டி.எஸ்.சி.யில் 15 ஆண்டுத் தகுதிப் பணி (பென்ஷனுக்குக் கணக்கில் சேரும் பணிக்காலம்) முடித்தால்தான் அதற்கான இரண்டாவது பென்ஷன் கிடைக்கும். இன்று விலகினால் பணிக்கொடையோடு கணக்கு முடிந்துவிடும். இரண்டு ஆண்டுகள் பொறுத்தால், அடிப்படைச் சம்பளத்தில் பாதி என்று வைத்துக்கொண்டாலே மாதம் ஏறக்குறைய ரூ.16,000, அதற்குமேல் அகவிலைப்படியும் சேர்த்து, ஆயுள் முழுவதும் வரும். உங்களுக்குப் பின் மனைவிக்குக் குடும்பப் பென்ஷனும் உண்டு. 15 ஆண்டுக்குக் குறையும் மாதங்களை மன்னித்துவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் அதை நம்பி விலகிவிடாதீர்கள். சில மாதக் குறைவுக்காகவே தீர்ப்பாயத்தின் படியேறி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

ஏஜென்சிக் கணக்கையும் பாருங்கள். 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி உரிமம் வேண்டும். கட்டணம் ஒரு மாவட்டத்துக்கு ரூ.5,000, மாநிலம் முழுவதற்கும் ரூ.25,000. வாளையாறைத் தாண்டிக் கோவையில் ஆள் போட வேண்டுமானால் தமிழ்நாட்டில் தனி உரிமம் எடுக்க வேண்டும். ஆனால் முதலீட்டை விழுங்குவது கட்டணமல்ல, சம்பளம். 20 காவலர்களுக்குத் தலைக்கு ரூ.18,000 என்றால் மாதம் ரூ.3.6 லட்சம். தொழிற்சாலை பில் பணத்தை 60 நாள் கழித்துக் கொடுத்தால், உங்கள் கையிலிருந்து ரூ.7.2 லட்சம் எப்போதும் வெளியே நிற்கும், பி.எஃப்., இ.எஸ்.ஐ., சீருடை எல்லாம் அதற்குமேல். ஒரே ஒரு பில் இழுத்தடித்தாலும் மீதிப் பணம் கரைந்துவிடும், ஏழாம் தேதி சம்பளத்துக்காக வாசலில் நிற்கும் காவலருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பென்ஷன்கள் வீட்டுச் செலவைத் தாங்கும் நிலையில் இறங்கினால் அந்த நெருக்கடியைச் சமாளிக்கலாம். அப்போதும் மைத்துனரோடு பங்கு ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

சேமநிதிப் பணம் கைக்கு வரும்போது பாதியையாவது மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். முப்படைகளில் ஓய்வுபெற்றவர்கள் நிபந்தனைகளுக்கு உட்பட்டு 50 வயதிலேயே அதில் சேரலாம்; 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது.

உங்கள் கடிதத்தில் தளத்தின் பெயரும் காவல் முறை நேரமும் இருந்தன, இரண்டையும் நீக்கிவிட்டேன். முதலீட்டு முகவர்களிடமோ வாட்ஸ்ஆப் குழுக்களிலோ அவற்றை ஒருபோதும் எழுதாதீர்கள், அடையாள அட்டையின் படத்தையும் அனுப்பாதீர்கள்.

இந்த மாதமே உங்கள் யூனிட் வழியாகக் கண்ணூரில் உள்ள டி.எஸ்.சி. ஆவணப் பிரிவுக்கு எழுதி, 15 ஆண்டுத் தகுதிப் பணி எந்தத் தேதியில் நிறைவடைகிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் அந்தத் தேதி தள்ளிப்போயிருக்கலாம்.