படகில் ரேடாரை எந்த உயரத்தில் பொருத்துவது?

கேள்வி: எங்கள் குடும்பம் சிங்கப்பூரில் 38 அடி விசைப்படகு ஒன்று வைத்திருக்கிறது. வார இறுதிகளில் செயின்ட் ஜான்ஸ் தீவு, புலாவ் ஹந்து பக்கம் போய் வருவோம். மேல்தளத்திலும் ஓட்டுநர் இருக்கை உண்டு. அந்தத் தளம் நீர்மட்டத்திலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருக்கைக்குப் பின்னால் உள்ள வளைவின் உயரம் தளத்திலிருந்து 1.4 மீட்டர். 18 அங்குல ரேடோமை (ரேடாரின் ஆன்டெனாவை உள்ளே வைத்து மூடிய வட்டப் பெட்டியை) அந்த வளைவிலேயே வைத்தால் போதும் என்கிறார் விற்பனையாளர். நண்பர் ஒருவரோ கம்பம் நட்டு, நீர்மட்டத்திலிருந்து 8 மீட்டர் உயரத்தில் வைக்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி, ஐயா?

பதில்: விற்பனையாளர் காட்டும் இடம் தாழ்வானது, நண்பர் சொல்லும் உயரம் தேவைக்கு மிஞ்சியது. வளைவின் மேல் சுமார் 80 சென்டிமீட்டர் உயரமுள்ள உறுதியான தாங்கி ஒன்றை வைத்து, அதன் மேல் ரேடோமைப் பொருத்துங்கள்.

காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன். உல்லாசப் படகுகளுக்கான ரேடோம்கள் அனுப்பும் கதிர்க்கற்றை செங்குத்தாகச் சுமார் 25 பாகை அகலம் கொண்டது. அதாவது கிடைமட்டத்துக்கு மேலே 12.5 பாகையும் கீழே 12.5 பாகையும் விரிகிறது. இதனால் கருவியிலிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்பவரை அடைவதற்குள் கற்றையின் கீழ்விளிம்பு 44 சென்டிமீட்டர் இறங்கிவிடும். 1.75 மீட்டர் உயரமுள்ள ஒருவர் அங்கே நின்றால், கற்றை அவர் தலைக்கு மேலாகப் போவதற்குக் கருவியின் நடுமட்டம் தளத்திலிருந்து ஏறத்தாழ 2.2 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். வளைவின் 1.4 மீட்டரோடு தாங்கியின் 80 சென்டிமீட்டரைக் கூட்டினால் அந்த அளவு கிடைக்கிறது. விற்பனையாளர் சொன்னபடி வைத்தால், படகோட்டுபவர் எழுந்து நிற்கும்போது கருவி அவர் கழுத்தளவில் இருக்கும். உட்கார்ந்திருப்பவரின் தலையும் ஏறத்தாழ அதே மட்டத்தில்தான் இருக்கும்.

உடல்நலத்தை ஒரு பக்கம் வைத்தாலும், அப்படிப் பொருத்திய ரேடார் ஒழுங்காக வேலை செய்யாது. மனித உடலில் நீர் மிகுதி. 3 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள இந்த அலைகளை அது நன்றாகவே மறைக்கும். உல்லாசப் படகுத்துறை ஒன்றில் இப்படிப் பொருத்திய படகில் ஏறிப் பார்த்திருக்கிறேன். திரையில் முன்பக்கமாக, வெட்டிய பலாச்சுளை போல ஒரு கருந்துண்டு தெரிந்தது. உரிமையாளர் இருக்கையைவிட்டு எழுந்து கீழே போனதும் அந்தத் துண்டுக்குள் இரண்டு மிதவைகளும் ஒரு இழுவைப்படகும் தோன்றின. அவர் அதுவரை கருவியில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறார்.

இனி நண்பரின் 8 மீட்டர் கம்பத்துக்கு வருவோம். உயரம் கூடினால் தூரம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் உயரத்தின் வர்க்கமூலத்தின் அளவுக்கே கூடும். மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 2.2ஆல் பெருக்கினால் ரேடாரின் தொடுவானம் கடல் மைலில் கிடைக்கும். எதிரே உள்ள பொருளின் உயரத்துக்கும் அதே கணக்கைப் போட்டு இரண்டையும் கூட்ட வேண்டும். நான் சொன்னபடி வைத்தால் கருவி நீர்மட்டத்திலிருந்து 5.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். கடலுக்கு மேல் 30 மீட்டர் எழுந்து நிற்கும் சரக்குக் கப்பல், தொடுவானக் கணக்குப்படி, 17 கடல் மைலிலேயே கற்றையின் பாதைக்குள் வந்துவிடும். கருவியை 8 மீட்டருக்கு ஏற்றினால் அது 18 கடல் மைலைச் சற்றுத் தாண்டும். நீருக்கு மேல் 1 மீட்டர் மட்டுமே தெரியும் மரப்படகுக்கு இந்த அளவுகள் முறையே 7, 8 கடல் மைல். ஆனால் அவ்வளவு சிறிய படகிலிருந்து திரும்பும் எதிரொலி மிகவும் பலவீனமானது என்பதால், 18 அங்குலக் கருவிக்கு அது தெரியவருவது அதைவிட மிகவும் கிட்டத்தில் வந்த பிறகுதான். சிங்கப்பூர் நீரிணையை ஒட்டிய பிலிப் கால்வாய் மிகக் குறுகும் இடத்தில் அதன் அகலம் சுமார் 1.5 கடல் மைல்தான். அப்படிப்பட்ட கடலில் கூடுதலாக ஒரு கடல் மைல் தெரிவதால் உங்களுக்கு என்ன லாபம்?

உயரத்தால் நட்டமும் உண்டு. கற்றையின் கீழ்விளிம்பு கடலைத் தொடும் இடத்துக்கு உட்பட்ட பகுதி கருவிக்குத் தெரியாத பகுதி. 5.2 மீட்டரில் அது 23 மீட்டர் ஆரமுள்ள வட்டம். 8 மீட்டரில் 36 மீட்டர் ஆரமுள்ள வட்டம். தாழ மிதக்கும் பொருள்களும் கப்பல் வழியைக் குறிக்கும் மிதவைகளும் அந்த வட்டத்துக்குள்தான் காணாமற்போகும். உயரம் கூடக்கூட அலைகளின் முகப்பிலிருந்து வரும் தேவையற்ற எதிரொலிகளும் கூடும். உயர்ந்த கம்பம் படகின் ஆட்டத்தோடு சேர்ந்து அதிகமாக வீசும். அந்த அதிர்வில் இணைப்புகள் தளரும். கம்பத்துக்குச் செலவிடும் பணத்தைக் கொண்டு 18 அங்குலத்துக்குப் பதில் 24 அங்குல ரேடோம் வாங்குங்கள் என்பேன். கற்றையின் கிடைமட்ட அகலம் சுமார் 5 பாகையிலிருந்து 4 பாகையாகக் குறையும். அருகருகே வரும் இரண்டு படகுகள் திரையில் ஒன்றாக ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியே தெரியும். அதிகாலையில் சுமத்திரா எனப்படும் காற்றுமழை மேற்கிலிருந்து வந்து கண்ணை மறைக்கும் நேரத்தில், ஒரு கடல் மைல் கூடுதல் தூரத்தைவிட அந்தத் தெளிவு பயன்படும்.

துளையிடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ரேடோமின் அளவுக்கு ஒட்டுப்பலகையில் ஒரு வட்டம் வெட்டி, தாங்கி வரவிருக்கும் உயரத்தில் தற்காலிகமாகக் கட்டுங்கள். வீட்டில் மிக உயரமானவரை மேல்தளத்தில் வழக்கமாக நிற்கும் இடங்களில் எல்லாம் நிற்கவைத்து, வட்டத்தின் நடுவிலிருந்து 12.5 பாகை கீழ்நோக்கிக் கயிறு பிடித்து, அது அவர் தலைக்கு மேலாகப் போகிறதா என்று பாருங்கள். வேகத்தில் உங்கள் படகின் முன்பக்கம் எத்தனை பாகை தூக்குகிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள். 4 பாகை தூக்கினால் தாங்கியில் முன்சாய்வாக 2 பாகை ஆப்பு கொடுப்பது, மெதுவாகப் போகும்போதும் வேகமாகப் போகும்போதும் ஒத்துவரும் இடைநிலை. கடைசியாக, ஜிபிஎஸ் ஆன்டெனாவைக் கற்றையின் பாதையில் வைக்காதீர்கள். திசைகாட்டிக்கும் கருவிக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கும்.

கேள்வி: பினாங்கில் 34 அடி பாய்மரப் படகு வைத்திருக்கிறேன். ரேடாரைப் பாய்மரத்தில் 8 மீட்டர் உயரத்தில் வைப்பதா, பின்பக்கம் 3 மீட்டர் கம்பத்தில் வைப்பதா?

பதில்: பின்பக்கக் கம்பமே என் தேர்வு. எடை ஒரு காரணம்தான், ஆனால் பெரிய காரணம் இல்லை. கருவி, தாங்கி, கேபிள் மூன்றும் சேர்ந்து 10 கிலோ என்று வைத்துக்கொண்டால், 8 மீட்டர் உயரத்தில் படகு 20 பாகை சாயும்போது அது தரும் விளைவு, 70 கிலோ எடையுள்ள ஒருவர் சாய்ந்த பக்கமாக 40 சென்டிமீட்டர் நகர்ந்து உட்கார்வதற்குச் சமம். முன்பாய் திரும்பும்போதெல்லாம் ரேடோமில் உரசும் என்பதும், பழுது வந்தால் கயிற்றில் தொங்கியபடி மேலே ஏற வேண்டும் என்பதும் இதைவிடப் பெரிய தொல்லைகள். 3 மீட்டரில் பெரிய கப்பல் 16 கடல் மைலில் கற்றைக்குள் வரும், அது போதும். காக்பிட்டில் (படகை ஓட்டுபவர் இருக்கும் பள்ளமான இடத்தில்) நிற்பவர் தலைக்கு மேல் கற்றை போகிறதா என்பதை முதல் பதிலில் சொன்ன கயிற்று முறையில் சரிபாருங்கள்.

எங்கே பொருத்தினாலும் சாய்வை மறக்காதீர்கள். படகு 20 பாகை சாய்ந்தால், 12.5 பாகை மட்டுமே இறங்கும் கற்றை, காற்று வரும் பக்கத்தில் கடலைத் தொடாமல் வானத்தை நோக்கிப் போய்விடும். அந்தப் பக்கத்திலிருந்து வரும் மீன்பிடிப் படகு திரையில் தெரியாது. சாய்வை ஈடுசெய்து தானாக மட்டத்துக்கு வரும் தாங்கிகள் விற்கின்றன; இரவில் மலாக்கா நீரிணையில் ஓடுகிறவருக்கு அது வீண்செலவு அன்று.

கேள்வி: "பழைய ரேடார் 4000 வாட், இது வெறும் 20 வாட், முகத்துக்கு எதிரே வைத்தாலும் ஒன்றும் ஆகாது" என்கிறது கடை. நம்பலாமா?

பதில்: கடைக்காரர் ஒப்பிடுவது உச்சத் திறன்களை மட்டும். மேக்னட்ரான் என்ற குழாயால் அலைகளை உண்டாக்கும் பழைய கருவி 4000 வாட்டை ஒரு மைக்ரோநொடிக்கும் குறைவாகவே வெளியிடுகிறது, 0.8 மைக்ரோநொடித் துடிப்பு நொடிக்கு 600 முறை என்றால் சராசரி 2 வாட்டுக்கும் குறைவு. புதிய கருவி நீண்ட துடிப்புகளை அனுப்பி ஆற்றலை ஈடுகட்டுகிறது. ஆகவே 200 மடங்கு பாதுகாப்பு என்ற கணக்கு செல்லாது. அதே சமயம் இரண்டுமே அச்சப்படத்தக்கவை அல்ல. பொதுமக்களுக்கு இந்த அலைவரிசையில் பரிந்துரைக்கப்படும் அனைத்துலக வரம்பு ஒரு சதுர மீட்டருக்கு 10 வாட். எந்தத் தூரத்துக்கு அப்பால் அந்த வரம்புக்குள் அடங்கும் என்று கையேட்டின் தொடக்கப் பக்கங்களில் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். கருவியின் அருகே யாராவது வேலை செய்யும்போது அது அலைகளை அனுப்புவதை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: கருவியோடு வரும் 10 மீட்டர் கேபிள் போதுமா?

பதில்: உயரத்தை முடிவுசெய்த பிறகு, கேபிள் வளைந்து போகும் வழியிலேயே நூல் பிடித்து அளந்து, அதோடு ஒரு மீட்டர் கூட்டிப் பாருங்கள். போதாவிட்டால் நீளமான கேபிளை வாங்கும்போதே மாற்றிக் கேளுங்கள்; பிறகு வெட்டி ஒட்டிய இணைப்பில்தான் உப்புநீர் முதலில் புகும்.