அல்சைமர் ஆராய்ச்சி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அல்சைமர்ங்கிற மறதி நோய பத்தி நூறு வருஷத்துக்கு மேல ஆராய்ச்சி நடக்குது, ஆனா இன்னும் குணமாக்க மருந்து இல்ல. ஒரு விஞ்ஞானி ஆயுசு பூரா இதுல உட்கார்ந்து என்னதான் சார் பண்ணுவார்?

பதில்: உங்க எரிச்சல் நியாயமானதுதான். கொலம்பியாவுல பிரான்சிஸ்கோ லோபேரான்னு ஒரு நரம்பியல் டாக்டர் இருந்தார், அவர் கதைய சொல்றேன், உங்க கேள்விக்கு பதில் அதுலயே இருக்கு. 1980கள்ல அவர் பயிற்சில இருந்தப்ப 47 வயசு ஆள் ஒருத்தர் ஞாபகம் சுத்தமா போய் வந்தார், விசாரிச்சா அவங்க அப்பா, தாத்தா எல்லாருக்கும் இதே நிலைமைதானாம். மத்தவங்கன்னா கேஸ் ஷீட்ல எழுதிட்டு அடுத்த பேஷன்ட்ட கூப்பிட்டிருப்பாங்க, இவர் என்னடான்னா நர்ஸ் லூசியா மாட்ரிகால் கூட சேர்ந்து ஆன்டியோகியா மலை கிராமங்களுக்கு போய், சர்ச் பதிவேட்ட எல்லாம் புரட்டி தலைமுறை தலைமுறையா வம்சாவளி எழுத ஆரம்பிச்சுட்டார். அதுவும் எப்போ, கெரில்லா சண்டையும் போதைப்பொருள் கும்பலும் நாட்டையே ஆட்டி வச்ச காலத்துல. அந்த குடும்பங்கள்ல சிலர் இத சூனியம்னே நம்பிட்டு இருந்தாங்க.

1995ல காரணம் கிடைச்சுது, ப்ரெசெனிலின்-1ங்கிற ஜீன்ல ஒரே ஒரு மாற்றம். அது இருந்தா 44 வயசு வாக்குல மறதி தட்ட ஆரம்பிச்சு 49ல அன்றாட வேலையே செய்ய முடியாத முழு டிமென்ஷியா, பிள்ளைங்களுக்கு வர்றதுக்கும் பாதிக்கு பாதி சான்ஸ். ஏறக்குறைய 6000 பேர் இருக்கிற பெரிய வம்சம் அது. நோய் யாருக்கு எப்போ வரும்னு முன்கூட்டியே தெரியறதால, வர்றதுக்கு முன்னாடியே மருந்து கொடுத்து பார்க்கலாம்னு 2013ல கிரெனெசுமாப்ங்கிற மருந்துக்கு ட்ரையல் ஆரம்பிச்சாங்க, 2022ல ரிசல்ட் வந்துச்சு, சொல்லிக்கிற மாதிரி பலன் இல்ல. அப்போ லோபேராவுக்கு 70 தாண்டியாச்சு.

ஆனா அதே வம்சத்துல ஒரு அம்மாவுக்கு அந்த மோசமான ஜீன் இருந்தும் எழுபது வயசு தாண்டுற வரைக்கும் மறதியே வரல! ஸ்கேன்ல பார்த்தா மூளை பூரா அமிலாய்ட், அதாவது இந்த நோய்ல நரம்பு செல்லுக்கு வெளிய படியற புரதம், கொட்டிக் கிடக்கு, ஆனா அடுத்த கட்டமா செல்லுக்குள்ள சிக்கிக்கிற டௌ புரதம் ரொம்ப கம்மி. அபோஈங்கிற இன்னொரு ஜீன்ல, கிறைஸ்ட்சர்ச்னு சொல்ற அபூர்வ வகை ரெண்டு காப்பி அவங்ககிட்ட இருந்துச்சு. 2019ல வெளிவந்த இந்த ஒரு கேஸால, அமிலாய்ட் சேர்ந்தாலும் அடுத்த கட்டத்த தடுக்கலாம்ங்கிற புது வழி திறந்துச்சு. 2024ல ஒரே காப்பி இருக்கிற 27 பேர பார்த்தாங்க, அவங்களுக்கும் நோய் அஞ்சு வருஷம் போல தள்ளிப் போயிருக்கு. அந்த வருஷம் செப்டம்பர்லயே லோபேரா போய்ட்டார். மருந்து கண்டுபிடிச்சாரான்னா இல்ல, ஆனா எங்க தேடணும்னு காட்டிட்டு போயிருக்கார், எனக்கு அது சின்ன விஷயமா தெரியல.

கேள்வி: என் பொண்ணு மூளை விஞ்ஞானி ஆகணும்ங்கிறா. இதுக்கு டாக்டருக்குதான் படிச்சாகணுமா?

பதில்: வேண்டாம்மா. 1991ல அல்சைமருக்கு காரணமான முதல் ஜீன் மாற்றத்த கண்டுபிடிச்ச ஜான் ஹார்டி படிச்சது பயோகெமிஸ்ட்ரி. அப்பா வீட்ல பல பேருக்கு இந்த நோய் இருக்குன்னு ஒரு பொண்ணு எழுதின லெட்டர்தான் அதுக்கு ஆரம்பம். பிஹெச்டி, அப்புறம் போஸ்ட்டாக்னு இன்னொருத்தர் லேப்ல சில வருஷம் ஆராய்ச்சி, அப்புறம் சொந்த லேப்புக்கு கிராண்ட், அதாவது நிதி, தேடி அலையணும், கொஞ்ச வருஷத்துல முடியாது. ஸ்டாட்டிஸ்டிக்ஸும் கோடிங்கும் இப்பவே பழகிக்கட்டும். ஒண்ணு மட்டும் சொல்லி வைங்க, எலிக்கு தானா அல்சைமர் வராது, மனுஷ ஜீன வச்சு வரவைக்கணும், அப்படி வரவச்ச எலிய தேத்தின மருந்துங்க எக்கச்சக்கம் மனுஷங்ககிட்ட வந்து தோத்திருக்கு. வருஷக்கணக்கா செஞ்சது இப்படி போனாலும் மறுநாள் லேப்புக்கு வர்ற மனசு அவளுக்கு இருக்கான்னு பாருங்க, மார்க் எல்லாம் அப்புறம்.

கேள்வி: அல்சைமர் ஆராய்ச்சில மோசடின்னு படிச்சேன். அப்போ அமிலாய்ட்தான் காரணம்ங்கிற கதையே பொய்யா?

பதில்: இல்ல. 2006ல நேச்சர்ங்கிற அறிவியல் இதழ்ல வந்த ஒரு பேப்பர்ல படங்கள மாத்தியிருக்காங்கன்னு தெரிஞ்சு 2024ல வாபஸ் வாங்கினாங்க, அது அமிலாய்டோட ஒரு குறிப்பிட்ட வடிவத்த பத்தினது மட்டும்தான். நோய்க்கு காரணம் அமிலாய்டா இருக்கும்னு சந்தேகம் வந்தது அந்த பேப்பரால இல்லயே, ஜீன் ஆதாரம் அதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவங்களுக்கு 21ஆவது குரோமோசோம் கூடுதலா ஒண்ணு இருக்கும், அமிலாய்டுக்கான ஜீன் இருக்கிறதும் அதுலதான், அவங்களுக்கு இந்த நோய் சீக்கிரமே வருது. 2023ல அமெரிக்காவுல முழு அனுமதி வாங்கின லெகானெமாப்ங்கிற மருந்து அமிலாய்ட நல்லாவே அள்ளி எடுக்குது, ஆனா 18 மாசத்துல ஞாபகம், செயல்பாட்டோட சரிவ 27 சதவீதம்தான் மெதுவாக்குச்சு, சிலருக்கு மூளை வீக்கம், ரத்தக்கசிவு வேற. கூட இருந்து பார்த்துக்கிறவங்க கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியுமாங்கிறது எனக்கு டவுட்தான், அதனால அமிலாய்ட் தப்புன்னு இல்ல, அது மட்டுமே போதாதுன்னுதான் நான் சொல்லுவேன்.