கதவோரம் துரு, கூரையில் உரியும் பெயின்ட்: வாரன்ட்டி இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள்

கேள்வி: எங்களுக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். மாந்தோப்பு வைத்திருக்கிறோம். 2023 ஆகஸ்ட்டில் ஓசூர் ஷோரூம் ஒன்றில் 7,42,000 ரூபாய்க்குப் புது கார் எடுத்தோம். மூன்று வருட வாரன்ட்டி. பில், ஆர்.சி. இரண்டும் அப்பா பெயரில், ஓட்டுவது நான். 2024 நவம்பரில் பின் இடது கதவின் அடியோரத்தில் பெயின்ட் கொப்புளமாகக் கிளம்பியது. நகத்தால் அழுத்தினால் துரு உதிர்ந்தது. சர்வீஸில் காசு வாங்காமல் டச்-அப் பண்ணிக் கொடுத்தார்கள். 2025 ஜூலையில் அதே இடத்தில் திரும்ப வந்தது, திரும்ப டச்-அப். இப்போது முன் கதவிலும் அதேபோல் கிளம்பிவிட்டது. கூரையில் மேல்பூச்சு அப்பளம் மாதிரி உரிகிறது. இந்த பிப்ரவரியில் கொண்டுபோனால், “போர் தண்ணியில கழுவுறீங்க, மாமரத்தடியில நிறுத்துறீங்க, பம்பருக்கு வெளிப் பட்டறையில பெயின்ட் அடிச்சிருக்கீங்க. வாரன்ட்டி கிடையாது” என்று சொல்லி 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டுகிறார்கள். பில்லின் அடியில் ‘பெங்களூரு நீதிமன்ற எல்லைக்கு மட்டும் உட்பட்டது’ என்று அச்சடித்திருக்கிறது. அங்கே போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா? புது கார் கேட்க முடியுமா? ஷோரூம் வாசலில் பேனர் கட்டிக் காரை நிறுத்தச் சொல்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யட்டும் ஐயா?

பதில்: முதலில், காரில் கை வைக்காதீர்கள். 38,000 கேட்கிறார்களே, பாலக்கோட்டிலேயே டிங்கரிங் பட்டறையில் பாதி விலைக்கு அடித்துவிட்டு அப்புறம் கேஸ் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். என்னிடம் வந்த ஒருவர் அப்படித்தான் செய்தார். கார் பளபளவென்று நின்றது. நிபுணர் வந்து பார்க்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. கையில் இருந்தது மங்கலான மூன்று செல்போன் படங்கள் மட்டும். அந்த வழக்கு என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெயின்ட் வழக்குகள் எல்லாம் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும். துரு உள்ளிருந்து கிளம்பியதா, வெளியிலிருந்து வந்து ஒட்டியதா? சட்டப் பிரிவுகளை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் உங்கள் கதவில்தான் இருக்கிறது.

தொழிற்சாலையில் வெறும் தகட்டை முதலில் பாஸ்பேட் கரைசலில் நனைத்து எடுப்பார்கள். பிறகு மின்சாரம் பாய்ச்சிய தொட்டியில் முக்கி ஒரு பூச்சு ஏற்றுவார்கள். துருவைத் தடுப்பது அந்தப் பூச்சுதான். அதன்மேல் பிரைமர், நிறம், கண்ணாடி போன்ற கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) கனம்தான் வரும். கதவின் அடியில் வெளித்தகடு உள்பக்கமாக மடிந்து இன்னொரு தகட்டைக் கவ்வியிருக்கும். அந்த மடிப்புக்குள் பூச்சு சரியாக ஏறாமலோ, மேலே வைக்கும் சீலன்ட்டில் (ஈரம் புகாமல் அடைக்கும் பசையில்) இடைவெளி விட்டோ போனால் ஈரம் உள்ளே தங்கித் தகட்டைத் தின்னும். பெயின்ட் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஒருநாள் கொப்புளமாகக் கிளம்பும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான்.

வெளியிலிருந்து வந்து உட்காரும் இரும்புத் துகள் வேறு மாதிரி. கார் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெரியும். கிளே பார் (பெயின்ட்டில் ஒட்டிய துகளை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) வைத்துத் தேய்த்தால் போய்விடும். கல் பட்டு வந்த துருவுக்கு நடுவில் ஒரு குழி இருக்கும், பெரும்பாலும் பானெட்டில். தொப்பூர் கணவாயில் ஜல்லி லாரிக்குப் பின்னால் போய்ப் பழக்கப்பட்ட ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். இதற்கெல்லாம் வாரன்ட்டி கேட்டால் தோற்போம். கதவின் அடி மடிப்பில், அதே இடத்தில், இரண்டு தடவை டச்-அப் பண்ணியும் திரும்ப வருகிற கொப்புளம் அந்த ரகம் இல்லை.

ஷோரூம் சொன்ன மூன்று காரணங்களையும் பார்ப்போம்.

நம் தர்மபுரி மாவட்டத்து போர் தண்ணீர் உப்பும் ஃபுளோரைடும் மிகுந்தது என்பது ஊரறிந்தது. அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்தத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளை வட்டத் தடம் படியும், நாளாக ஆகப் பளபளப்பு மங்கும். அது உண்மை. ஆனால் மேலே தெளித்த தண்ணீர் நல்ல பெயின்ட்டைத் தாண்டி மடிப்புக்குள் போய் உள்ளிருந்து துருப்பிடிக்க வைத்தது என்றால், அந்த மடிப்பை ஈரம் புகாதபடி அடைக்காதது யார் என்று நாம் திருப்பிக் கேட்கலாம். கார் மழையிலும் ஓடத்தான் செய்யும்.

மாமரம் கொஞ்சம் வில்லங்கம். மாம்பால், பறவை எச்சம் இரண்டும் கிளியர் கோட்டை அரிக்கும். பெரும்பாலான வாரன்ட்டிப் புத்தகங்களில் மரப்பால், எச்சம், கல் தெறிப்பு, உப்புக்காற்று, ஆலைப்புகை எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கும். (உப்புக்காற்று என்று உங்களிடம் சொல்லாமல் விட்டார்களே, தர்மபுரியில் கடல் இல்லை என்பது தெரிந்திருக்கிறது.) ஆகவே கூரைதான் உங்கள் பலவீனமான இடம். பால் பட்ட இடம் சொட்டுச் சொட்டாக, வழிந்த தடத்தோடு கெடும். ஏடு ஏடாக உரிவது பூச்சு ஒட்டாமல் போனதன் அடையாளம் என்று வாதிடலாம், நிபுணர் ஒப்புக்கொண்டால். வழக்கைக் கதவின் மேல் நிறுத்துங்கள், கூரை இரண்டாவது கோரிக்கையாக வரட்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டால் பலவீனமானது பலமானதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

பம்பர் விஷயம் சிரிப்புதான் வருகிறது. பம்பர் பிளாஸ்டிக், அதற்குத் துருவே பிடிக்காது. வெளியில் பெயின்ட் அடித்ததால் பம்பர் பெயின்ட்டுக்கு வாரன்ட்டி போனது என்றால் சரி. பம்பருக்கு அடித்த பெயின்ட் கதவைத் துருப்பிடிக்க வைத்தது எப்படி என்று அவர்கள்தான் நுகர்வோர் ஆணையத்தில் விளக்க வேண்டும்.

அடுத்து ஒரு சின்னச் செலவு. பெயின்ட் கனம் பார்க்கும் கருவி வைத்திருக்கும், உரிமம் பெற்ற வாகன சர்வேயர் ஒருவரை அழைத்து வந்து, ஒவ்வொரு பேனலாக அளந்து, படத்தோடு அறிக்கை வாங்குங்கள். அளவு எல்லா இடத்திலும் 100, 120 என்று சீராக இருந்தால் அது தொழிற்சாலைப் பூச்சு, குறை உற்பத்தியில். ஒரு கதவில் மட்டும் 250, 300 என்று காட்டினாலோ, பட்டி பூசியதுபோல் அதற்கும் மேலே போனாலோ கவனியுங்கள். டச்-அப் பண்ணிய இடத்தைத் தள்ளி அளந்தும் அப்படி வந்தால், உங்களிடம் கொடுப்பதற்கு முன்பே அந்தக் கதவு அடிபட்டு, திரும்பப் பெயின்ட் அடித்துப் புதுசு என்று விற்கப்பட்டிருக்கலாம். அப்போது வழக்கின் முகமே மாறிவிடும். உற்பத்திக் குறை என்பது போய், மறைத்து விற்ற நியாயமற்ற வணிக நடைமுறை என்று ஆகிவிடும். ஆர்.சி.யில் தயாரித்த மாதம் இருக்கும், அதையும் பாருங்கள். தயாரித்ததற்கும் விற்றதற்கும் நடுவில் நிறைய மாதம் இருந்தால் வண்டி எங்கே நின்றது என்ற கேள்வி எழும்.

கூடவே, கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளைப் படம் எடுங்கள். சேறு அடைத்திருந்தால் என்னிடம் மறைக்க வேண்டாம். எதிர்த்தரப்பு வக்கீல் குனிந்து பார்க்கும் முதல் இடம் அதுதான்.

இந்த அறிக்கை இல்லாமல் யார் மேல் வழக்கு என்பதே தெளிவாகாது. டீலர், உற்பத்தி நிறுவனம் இரண்டையும் எதிர்தரப்பினராகச் சேர்க்க வேண்டும், ஆனால் சும்மா பெயரை எழுதினால் போதாது. 2021 பிப்ரவரியில் டாடா மோட்டார்ஸ் சம்பந்தப்பட்ட கோவா வழக்கொன்றில், பழைய வண்டியைப் புதிது என்று டீலர் கொடுத்துவிட்டார், அடிப்பாகத்தில் அரிப்பு இருந்தது என்பதுதான் புகார். அந்த டீலர் செய்ததற்கு, நிறுவனத்துக்குத் தெரிந்துதான் நடந்தது என்று காட்டாமல், நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே மனுவில் இன்ன குறை தொழிற்சாலையினுடையது, இன்ன தவறு டீலருடையது என்று பிரித்து எழுத வேண்டும்.

புது கார் கேட்கலாமா? கேட்கலாம், கிடைப்பது கஷ்டம். 2006-இல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம், பழுதான பாகத்தை மாற்றித் தீர்க்க முடிகிறபோது முழு வண்டியையே மாற்றச் சொல்லக் கூடாது என்றது. உங்கள் வண்டி ஓடுகிறது, இன்ஜினில் குறையில்லை. இரண்டு கதவையும் புதிதாக மாற்றித் தர வேண்டும், கூரையைத் திரும்பப் பெயின்ட் அடிக்க வேண்டும், அந்த வேலைக்குத் தனியாக எழுத்தில் வாரன்ட்டி வேண்டும், இல்லாவிட்டால் அதற்கான முழுத் தொகை, மன உளைச்சலுக்கும் அலைச்சலுக்கும் இழப்பீடு, வழக்குச் செலவு. இப்படிக் கேட்டால் ஆணையம் காது கொடுக்கும். பொருள் பொறுப்பு (குறையுள்ள பொருளால் வந்த தீங்குக்கு இழப்பீடு) என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஓர் அத்தியாயம் இருக்கிறதே, அதில் லட்சக்கணக்கில் கேட்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பொருளுக்கே வந்த சேதம் அதில் வராது.

பெங்களூருக்குப் போக வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 34, புகார் கொடுப்பவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட வழி செய்திருக்கிறது. பில்லில் எதை அச்சடித்தாலும் அந்த உரிமை போகாது. கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்பதால் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும். விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் 200 ரூபாய். ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. (என் தொழிலுக்கு எதிராக நானே பேசுகிறேன். ஆனால் நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யும் கட்டத்துக்குப் போனால் ஒருவர் இருப்பது நல்லது.)

காலக்கெடு இரண்டு வருடம், அதே சட்டத்தின் பிரிவு 69. வாங்கிய தேதியிலிருந்து எண்ணிப் பயப்பட வேண்டாம். கடைசியாக மறுத்த பிப்ரவரியிலிருந்து என்று வாதிட இடம் இருக்கிறது. ஆனால் நான் எப்போதும் எதிரிக்குச் சாதகமான தேதியை வைத்துத்தான் எண்ணுவேன். துரு முதலில் தெரிந்தது 2024 நவம்பர், ஆகவே 2026 நவம்பருக்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும். அதற்கு முன்னால் இன்னொரு தேதி இருக்கிறது. இந்த ஆகஸ்ட்டில் வாரன்ட்டி முடிகிறது. அதற்குள் எழுத்தில் புகார் போய்ச் சேர வேண்டும். இதுவரை எல்லாம் வாய்ப்பேச்சு. இரண்டு டச்-அப்புக்கும் ஜாப் கார்டு நகல் கேட்டு வாங்குங்கள். ‘குட்வில்’ (வாரன்ட்டியில் இல்லை, நல்லெண்ணத்தில் செய்தது) என்று எழுதியிருந்தாலும் கவலை இல்லை, வாரன்ட்டி காலத்திலேயே அந்தக் கதவில் துரு இருந்தது என்பதற்கு அவர்கள் கையெழுத்தே சாட்சி. சர்வீஸ் அட்வைசரோடு பேசிய வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள். போனையும் மாற்றாதீர்கள், மின்னணு ஆதாரத்தோடு பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63 சான்றிதழ் வைக்கும்போது அந்த போன்தான் மூலம்.

இந்த எழுத்துப் புகார் நோட்டீஸாக டீலர், உற்பத்தி நிறுவனம் இரண்டு முகவரிக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் போகட்டும். 15 நாளுக்குள் வந்து கூட்டாகப் பார்வையிட வேண்டும், வராவிட்டால் துரு பரவாமல் தற்காலிகத் தடுப்பு செய்துகொள்வோம் என்று அதில் ஒரு வரி இருக்கட்டும். பார்த்துக்கொண்டே துருவை வளரவிட்டீர்கள் என்ற பேச்சு பிறகு வராது. இடையில் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியுங்கள். சில நிறுவனங்கள் அதற்கே இறங்கி வருவதுண்டு.

மனு ஏற்கப்பட்டு, அதன் நகலோடு ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து எதிர்த்தரப்புக்கு 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15 நாள். அந்த 45 நாளுக்குள் பதிலுரை வராவிட்டால் அப்புறம் வாங்க ஆணையத்துக்கே அதிகாரம் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதைவிட இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சமரசப் பேச்சுக்கு அனுப்பினால் மறுக்க வேண்டாம். இந்த மாதிரி வழக்குகளில் இரண்டு கதவு மாற்றித் தருகிறோம் என்று அவர்களே சொல்லும் இடம் பெரும்பாலும் அதுதான்.

பேனர் வேண்டாம். காரைக் கழுதை கட்டி இழுக்கிற வீடியோக்கள் எல்லாம் பார்க்க நன்றாக இருக்கும். ‘திருட்டுக் கம்பெனி’ என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால், கேள்வி கேட்கும் இடத்திலிருந்து பதில் சொல்லும் இடத்துக்கு வந்துவிடுவீர்கள். அவதூறு என்று அவர்கள் நோட்டீஸ் அனுப்புவார்கள். நடந்ததை நடந்தபடி, தேதியோடு, விமர்சனப் பகுதியில் எழுதுவதில் தப்பில்லை.

கடைசியாக அப்பா. உரிமையாளரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோர்தான், ஆகவே நீங்களும் புகார் கொடுக்கலாம். ஆனால் பில் அவர் பெயரில் இருக்கும்போது எதற்கு வீண் ஆட்சேபம்? முதல் புகார்தாரர் அவர், இரண்டாவது நீங்கள். தோப்புக்குப் போக வர, வீட்டு உபயோகத்துக்குத்தான் வண்டி என்பதைச் சத்தியப் பத்திரத்தில் எழுதுங்கள். மாங்காய் வியாபாரத்துக்கு வாங்கியது, ஆகவே நீங்கள் நுகர்வோரே இல்லை என்று கிளப்பப் பார்ப்பார்கள். சீசன் தொடங்கிவிட்டால் அவரைத் தோப்பிலிருந்து தர்மபுரிக்கு வரவழைப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நோட்டீஸுக்கும் வக்காலத்துக்கும் கையெழுத்தை இந்த மாதமே வாங்கி வைத்துவிடுங்கள்.